ஆயாவின் முகத்தில் ஒரு கறுப்புக் கோடு... கம்ப்யூட்டர் திரையை ஃபிலிமில் பிடித்த ரிஷிவந்தியம் ஸ்டுடியோக்காரர்!

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஆயா படம் ஒன்று மாட்டியிருக்கிறது. சந்தன மாலை, சின்ன சீரியல் பல்பு, குங்குமம் எல்லாம் எல்லார் வீட்டிலும் இருப்பதுபோலத்தான். ஆனால், கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால் ஒன்று புரியும். முகம் லேசாகக் கலங்கியிருக்கும். கன்னத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள் தெரியும். வலது பக்கம் பாதி வெட்டுப்பட்ட ஒரு தாம்பூலத் தட்டு இருக்கும்.

அது ஆயாவை நேரில் எடுத்த போட்டோ இல்லை. கம்ப்யூட்டர் திரையில் நிறுத்திவைத்த கல்யாண வீடியோவை, ஃபிலிம் கேமராவால் எடுத்த போட்டோ. 2004-ல் ஆயா இறந்தபோது எனக்கு 4 வயது. ஆயாவை எனக்கு நினைவில்லை. எனக்குத் தெரிந்த ஆயா இந்தப் படத்தில் இருப்பவர்தான்.

இந்தப் பொங்கலுக்கு ரிஷிவந்தியம் போயிருந்தபோது அப்பாவிடம் கேட்டேன். ``ஏம்பா, ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டியதுதானே?'' அப்பா சிரித்தார். ``அந்தக் கதைய ஸ்டுடியோக்காரர்கிட்ட கேளு. அந்த மனுஷன் ரெண்டு தடவ கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறிப் போனாரு.''

போனேன். கேட்டேன். கதையோடு சேர்த்து ஒரு பாடமும் கிடைத்தது. இன்றைக்கு மார்க் ஷீட், பட்டா, ஆன்லைன் ரசீது என்று கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தாலே செல்போனை நீட்டுகிற நம் எல்லோருக்குமான பாடம் அது.

11 விநாடி ஆயா

ரிஷிவந்தியம் என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது, 2011-ல் விஜயகாந்த் ஜெயித்த தொகுதி என்பது. கோயிலுக்குப் போகிறவர்களுக்கு அர்த்தநாரீஸ்வரர். லிங்கத்துக்குத் தேனபிஷேகம் செய்யும்போது அதில் அம்பாள் உருவம் தெரிவதாகச் சொல்வார்கள். அதைப் பார்க்கவே வெளியூரிலிருந்து வருவார்கள். விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த ஊர், 2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதும் இந்தப் பக்கம் வந்துவிட்டது.

ஆயாவுக்கு கேமரா என்றாலே கூச்சம். யாராவது எடுக்க வந்தால் முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொள்வாராம். வாக்காளர் அட்டையில் இருந்த படம் தபால் தலை அளவு. அதிலும் கண் எது, மூக்கு எது என்று தெரியாது. 16-ம் நாள் காரியத்துக்குப் படம் வேண்டும். வீட்டில் ஒரு போட்டோகூட இல்லை.

அப்போது அம்மாவுக்கு ஞாபகம் வந்தது, 1998-ல் நடந்த சித்தப்பா கல்யாண வீடியோ. அதில் ஆயா தாம்பூலத் தட்டை எடுத்துக்கொண்டு நடந்து வருவார். கேமராவைக் கவனிக்கவில்லை. அதனால் முந்தானை முகத்துக்கு வரவில்லை. மொத்தம் 11 விநாடி. அதில் நேராகப் பார்ப்பது ஒரு நொடி.

உள்ளூர் ஸ்டுடியோக்காரரிடம் அப்பா கேசட்டைக் கொடுத்தார். இவருக்கு இப்போது 60 வயதை நெருங்குகிறது. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ``ஸ்டுடியோக்காரர்னு போடு பாப்பா. ஊருக்கே தெரியும்.''

கறுப்புச் செவ்வகம்

``கேசட்ட டி.வி-ல போட்டு நிறுத்தினா, படம் நடுங்கும் பாப்பா. நடுவுல வெள்ளையா கோடு ஓடும். அதுல மொகம் எடுக்க முடியாது. சி.டி-யா மாத்தினா நின்னமேனிக்கு நிக்கும்னு சொன்னாங்க. கள்ளக்குறிச்சியில குடுத்து மாத்தினேன். சி.டி-ய ஒரு பிரவுசிங் சென்டர்ல போட்டுப் பார்த்தேன். ஆத்தா அப்படியே நிக்கிறாங்க.''

கடைப் பையனிடம், இதை அப்படியே படமாக எடுத்துக் கொடு என்று கேட்டிருக்கிறார். அந்தப் பையன் கீபோர்டில் பிரின்ட் ஸ்கிரீன் பட்டனை அழுத்தி, பெயின்ட்டில் ஒட்டியிருக்கிறான். வீடியோ இருந்த இடத்தில் வெறும் கறுப்புச் செவ்வகம்தான் வந்தது. இன்னொரு முறை செய்தான். மறுபடியும் கறுப்பு.

இதற்குக் காரணம் உண்டு. அந்தக் கால விண்டோஸில், வீடியோவை மட்டும் கிராஃபிக்ஸ் கார்டு தனி அடுக்காகத் திரையில் போடும். பிரின்ட் ஸ்கிரீன் அந்த அடுக்கைப் பிடிக்காது. அதற்குக் கீழே இருக்கும் வெற்றிடத்தைத்தான் பிடிக்கும். `ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டியதுதானே' என்று நான் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

``சரி, நம்ம கையிலதான் கேமரா இருக்கேன்னு எடுத்துட்டேன்'' என்றார். பென்டாக்ஸ் கே1000. எல்லாவற்றையும் கையால் வைக்க வேண்டிய கேமரா. அதில் ஏற்கெனவே ஒரு மஞ்சள் நீராட்டு விழாவுக்குப் போட்ட 100 ஐ.எஸ்.ஓ கலர் ரோல். மிச்சம் 8 படம் இருந்தது.

முதல் ரோல்: எட்டும் போச்சு

மறுநாள் லேபில் கழுவிப் பார்த்தபோது எட்டும் வீண்.

முதல் இரண்டு, பழக்கதோஷத்தில் ஃபிளாஷ் போட்டு எடுத்தவை. கண்ணாடியில் ஃபிளாஷ் வெளிச்சம் ஒரு வெள்ளைப் பந்தாகத் தெரிந்தது. மற்ற இடமெல்லாம் வெளுத்த சாம்பல். திரை தானே ஒளி கொடுக்கும் பொருள். அதன்மேல் இன்னொரு ஒளியை அடித்தால், திரையில் இருக்கும் படம் அழிந்துபோகும்.

அடுத்து, ஃபிளாஷ் இல்லாமல் 1/125 விநாடியில் எடுத்தவை. திரையில் பாதி மட்டும் இருந்தது, மீதி இருட்டு. ஆயாவின் நெற்றி இருந்தது, வாய் இல்லை. பிறகு 1/60. படம் கிட்டத்தட்ட முழுசாக வந்தது. ஆனால், மூக்குக்குக் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு. அதுவும் நேராக இல்லாமல் சாய்வாக. கடைசி இரண்டு 1/30. கோடு மெலிந்திருந்தது, ஆனாலும் இருந்தது.

``உங்க அப்பாகிட்ட காட்ட மனசு வரல. செத்தவங்க மொகத்துல கறுப்புக் கோடு போட்டுக் குடுக்க முடியுமா? வீட்டுல உக்காந்து நெகட்டிவையே பாத்துட்டு இருந்தேன். அப்பத்தான் ஒண்ணு தோணுச்சு. ஷட்டர் மெதுவாக மெதுவாக, கோடு மெலிசாகுது. அப்ப, இன்னும் மெதுவாப் போனா?''

புத்தகம் பார்க்கவில்லை. யாரும் சொல்லித்தரவில்லை. வீணான எட்டுப் படத்தை வரிசையாக வைத்துப் பார்த்துத் தானே கண்டுபிடித்திருக்கிறார்.

திரைக்குள் ஓடும் துடைப்பம்

அவர் கண்டுபிடித்தது சரிதான். ஏன் சரி என்று பார்ப்போம்.

பழைய பெட்டி மானிட்டரில் முழுப் படமும் ஒரே நேரத்தில் தெரிவதில்லை. பின்னாலிருந்து வரும் எலெக்ட்ரான் கற்றை, மேல் மூலையில் ஆரம்பித்து, வரி வரியாகக் கீழே வரும். வாசலை ஒரு பக்கத்திலிருந்து பெருக்கிக்கொண்டு வருவதைப்போல. கற்றை பட்ட இடம் ஒளிரும். சில நொடித்துளியில் மங்கிவிடும். கீழே போய்ச் சேர்ந்ததும் மறுபடி மேலிருந்து ஆரம்பிக்கும். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால் விநாடிக்கு 60 முறை இப்படி நடக்கும். நம் கண் அதைச் சேர்த்து ஒரே படமாகப் பார்த்துவிடுகிறது. கேமரா அப்படிச் சேர்க்காது. ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் என்ன ஒளிர்ந்ததோ, அதை மட்டும் வாங்கிக்கொள்ளும்.

1/125 விநாடி திறந்தால், கற்றை பாதித் திரையைத்தான் தாண்டியிருக்கும். அதனால் பாதிப் படம். 1/60 திறந்தால் ஒரு சுற்று முடியும். ஆனால், ஷட்டரின் நேரமும் மானிட்டரின் நேரமும் மயிரிழை பிசகினாலும், விட்டுப்போன இடத்தில் கோடு விழும். அந்த கேமராவில் இருப்பது பக்கவாட்டில் ஓடும் துணி ஷட்டர். திரையின் வரியோ மேலிருந்து கீழே ஓடுகிறது. இரண்டும் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவதால்தான் கோடு சாய்ந்திருந்தது.

1/4 விநாடி திறந்தால்? 15 சுற்று. ஏதோ ஓர் இடத்துக்கு ஒரு சுற்று கூடவோ குறையவோ கிடைத்தாலும், 15-க்கும் 16-க்கும் உள்ள வித்தியாசம் படத்தில் தெரியாது. 1/2 விநாடி என்றால் 30 சுற்று, இன்னும் நல்லது. ஆனால், 1 விநாடியைத் தாண்டிப் போனால் ஃபிலிமின் உணர்திறன் குறைய ஆரம்பிக்கும், நிறமும் மாறலாம். அதனால் 1/4 முதல் 1 விநாடி வரைதான் பாதுகாப்பான இடம்.

பழைய தமிழ்ப் படங்களில் டி.வி பெட்டி வரும் காட்சிகளில் கறுப்புப் பட்டை உருண்டு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதே சண்டைதான். சினிமா கேமரா விநாடிக்கு 24 படம் எடுக்கும். நம் ஊர் டி.வி விநாடிக்கு 25 படம் காட்டும். விவரம் தெரிந்த ஒளிப்பதிவாளர்கள், அந்த ஷாட்டை மட்டும் 25-ல் ஓடவிட்டு எடுப்பார்கள். பட்டை ஓடாமல் ஓர் இடத்தில் நின்றுவிடும். அதை ஃபிரேமுக்கு வெளியே தள்ளிவிடலாம்.

``மீட்டர் பொய் சொல்லும் பாப்பா!''

இரண்டாவது முறை புது ரோலோடு போனார். கடைப் பையனிடம் சொல்லி டியூப் லைட்டை அணைத்து, வாசலில் ஸ்கிரீனை இழுத்துவிட்டார். மணிக்கு 30 ரூபாய் வாடகை. டிரைபாட் வைக்க இடமில்லை. நான்கு டெலிபோன் டைரக்டரியை அடுக்கி, அதன்மேல் கேமரா. கை பட்டு ஆடாமலிருக்க கேபிள் ரிலீஸ். ஷட்டர் 1/4 விநாடி. கோடு பிரச்னை தீர்ந்தது.

அடுத்தது வெளிச்சம்.

``மீட்டர பார்த்தா எஃப்/8 வைக்கச் சொல்லுது. வச்சா ஆத்தா மொகம் இருட்டாயிடும்னு எனக்குத் தெரியும். மீட்டர் பொய் சொல்லும் பாப்பா. அதுக்கு ஆத்தாவும் தெரியாது, சீரியல் லைட்டும் தெரியாது.''

கேமராவில் இருக்கும் மீட்டருக்குத் தெரிந்தது ஒரே ஒரு விஷயம். எதைக் காட்டினாலும் அது நடுத்தர சாம்பல் நிறம் என்றே நினைத்துக்கொள்ளும். சராசரிக் காட்சிக்கு இந்தக் கணக்கு சரியாக வரும். திரைக்கு வராது. அந்த வீடியோவில் ஆயாவுக்குப் பின்னால் பந்தல் முழுக்க சீரியல் லைட். வீடியோக்காரரின் ஃபோகஸ் லைட் வேறு. மீட்டர் அந்த வெளிச்சத்தையெல்லாம் சேர்த்துப் பார்த்து, `நிறைய வெளிச்சம் இருக்கிறது, குறை' என்கிறது. அதன்படி குறைத்தால், ஏற்கெனவே நிழலில் இருக்கும் ஆயாவின் முகம் கரியாகிவிடும்.

அவர் என்ன செய்தார்? கேமராவைத் திரைக்கு மிக அருகில், ஆயா முகம் மட்டும் தெரியும் அளவுக்குக் கொண்டுபோனார். ஃபோகஸ் ஆகாது, பரவாயில்லை, வெளிச்சம் அளக்க ஃபோகஸ் தேவையில்லை. அங்கே மீட்டர் எஃப்/4 என்றது. முதலில் சொன்னதைவிட நான்கு மடங்கு ஒளி. அதைக் குறித்துக்கொண்டு, கேமராவைப் பழைய இடத்தில் வைத்தார். எஃப்/8, எஃப்/5.6, எஃப்/4 என்று மூன்றிலும் எடுத்தார். ஒவ்வொன்றிலும் இரண்டு.

இதே பிரச்னை வேறு உருவத்திலும் வரும். திரையில் வெள்ளைப் பக்கம், அதில் கறுப்பு எழுத்து. மீட்டர் அந்த வெள்ளையை சாம்பலாக்கப் பார்க்கும். அங்கே மீட்டர் சொல்வதைவிட ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் கூட்ட வேண்டும். கறுப்புத் திரையில் வெளிச்ச எழுத்து என்றால் தலைகீழ். ஒளியைக் குறைக்க வேண்டும்.

இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால் ஒரு வழி இருக்கிறது. பெயின்ட்டில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றிலும் 118 என்று கொடுத்து, திரை முழுக்க அந்த சாம்பலை நிரப்புங்கள். சாதாரண மானிட்டரில் அது, மீட்டர் எதிர்பார்க்கிற நடுத்தர சாம்பலுக்கு ஏறக்குறைய சமம். அதைப் பார்த்து மீட்டர் சொல்லும் அளவை வைத்துக்கொண்டு, பிறகு எந்தப் படத்தைத் திரையில் போட்டாலும் அளவை மாற்றாமல் எடுங்கள். திரையின் பிரைட்னஸை இடையில் தொடக் கூடாது, அவ்வளவுதான்.

``வெளுப்பாக்கிடாதீங்க''

மூன்று அளவில் எடுத்ததில் அவர் பிரின்ட்டுக்குத் தேர்ந்தெடுத்தது எஃப்/4. அதிக ஒளி வாங்கிய படம். காரணம் கேட்டேன்.

``நெகட்டிவ் ஃபிலிம்ல வெளிச்சம் கொஞ்சம் கூடிட்டா பிரின்ட் போடுறப்ப அடக்கிக்கலாம். கொறஞ்சா ஒண்ணும் பண்ண முடியாது. இருட்டுல விழுந்தது ஃபிலிம்ல ஏறவே ஏறாது. இல்லாதத எங்கிருந்து கொண்டாறது?''

ஸ்லைடு ஃபிலிமுக்கும் டிஜிட்டலுக்கும் இது நேர்மாறு. அவற்றில் வெளிச்சம் கூடிப்போய் வெளுத்துவிட்டால், அந்த இடத்தை மீட்க முடியாது.

லேபில் இரண்டு வேலை இருந்தது. ஒன்று, நீலம். அந்தக் கால மானிட்டர்கள் நீலம் தூக்கலாக இருக்கும். கலர் ஃபிலிமோ பகல் வெளிச்சத்துக்காகச் செய்யப்பட்டது. அதனால் ஆயா நீலம் பூசியதுபோல இருந்தார். பிரின்ட்டில் அதைக் குறைத்தார்கள். இரண்டாவது வேலைதான் பெரிசு.

ஆயா நல்ல கறுப்பு. லேபில் உட்கார்ந்திருந்தவர் வழக்கம்போல முகத்தை வெளுப்பாக்கி ஒரு பிரின்ட் போட்டுக் கொடுத்தார். வீட்டில் உறவுக்காரர்கள் பலருக்கும் அதுதான் பிடித்தது. ``லட்சுமிகரமா இருக்கு'' என்றார்களாம். அம்மா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. ``இது யாரோ. அத்த இப்படி இருக்க மாட்டாங்க. வெளுப்பாக்கிடாதீங்கண்ணே'' என்று திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

ஸ்டுடியோக்காரர் மறுபடியும் போய், லேப்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, ``இன்னும் கொஞ்சம் கறுப்பு... இன்னும் கொஞ்சம்'' என்று சொல்லிச் சொல்லிப் போட்டுவந்த பிரின்ட்தான் கூடத்தில் இருப்பது. 16-ம் நாள் காரியத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், ஃபிரேம் போட்டு வீட்டுக்கு வந்தது.

சரியான எக்ஸ்போஷர் என்றால் என்ன என்று டிப்ளமோவில் ஒரு பரீட்சை எழுதியிருக்கிறேன். பதிலும் எழுதினேன். அம்மா சொன்ன பதில் அதில் இல்லை.

நிலாவிலிருந்து வந்ததும் இப்படித்தான்!

திரையை போட்டோ எடுப்பது ஏதோ வேறு வழியில்லாதவர்கள் செய்யும் வேலை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். தேடிப் பார்த்தால், உலகத்தின் முக்கியமான சில படங்கள் இப்படித்தான் வந்திருக்கின்றன.

1969 ஜூலையில் நீல் ஆம்ஸ்ட்ராங் நிலாவில் கால்வைத்ததை உலகமே டி.வி-யில் பார்த்தது. நிலாவில் இருந்த கேமரா அனுப்பியது விநாடிக்கு 10 படம், 320 வரி. அமெரிக்க டி.வி-க்குத் தேவை விநாடிக்கு 30 படம், 525 வரி. ஒன்றை மற்றொன்றாக மாற்ற, தரை நிலையத்தில் ஒரு மானிட்டரில் படத்தை ஓடவிட்டு, அதற்கு எதிரே ஒரு டி.வி கேமராவை வைத்தார்கள். உலகம் பார்த்தது, திரையைப் படமெடுத்த படம். ஆஸ்திரேலியாவின் ஹனிசக்கிள் கிரீக் நிலையத்தில் பணியாற்றிய எட் வான் ரெனார்ட், மாற்றப்படாத மூலப் படம் ஓடிய மானிட்டரைத் தன் சூப்பர் 8 ஃபிலிம் கேமராவில் எடுத்து வைத்துக்கொண்டார். மூலப் படம் பதிவான டேப்புகள் அழிக்கப்பட்டு மறுபடி பயன்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்று 2009-ல் நாசா சொன்னது. அந்த மானிட்டரைப் படம்பிடித்த ஃபிலிம் இன்னும் இருக்கிறது.

மருத்துவத்துக்கு வருவோம். 1936-ல் பிரேசில் மருத்துவர் மானுவல் டி அப்ரூ, எக்ஸ்-ரே பட்டு ஒளிரும் திரையைச் சின்ன ஃபிலிமில் போட்டோ எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். ஆளுக்கு ஒரு பெரிய எக்ஸ்-ரே ஃபிலிம் செலவழிக்காமல், ஆயிரக்கணக்கானவர்களுக்குக் காசநோய்ப் பரிசோதனை செய்ய முடிந்தது. இந்தியாவில் காசநோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று அறிய 1955 முதல் 1958 வரை நடந்த தேசிய மாதிரி ஆய்வில் இந்த முறைதான் கைகொடுத்தது. அதன் பிறகு வந்த சி.டி ஸ்கேனிலும், 1980-களில் நோயாளி கையில் கொடுத்த ஃபிலிம் பெரும்பாலும், இயந்திரத்துக்குள் இருந்த சின்னத் திரையை ஒரு கேமரா எடுத்த போட்டோதான்.

ஃபிலிமுக்கு நாம் வெளிநாட்டை மட்டும் நம்பியிருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1967-ல் உற்பத்தியைத் தொடங்கியது. `இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிமும், எக்ஸ்-ரே ஃபிலிமும் அங்கிருந்து வந்தன. இந்து என்றால் நிலா. ஆலை ஓடவில்லை, ஊட்டியில் `இந்து நகர்' என்ற பெயர் மட்டும் இருக்கிறது. ஸ்டுடியோக்காரர் தொழில் பழகியது அந்த ஃபிலிமில்தான்.

இப்போது செல்போனில் எடுக்கிறீர்களா?

இன்றைய எல்.சி.டி, எல்.இ.டி திரையில் அந்த எலெக்ட்ரான் துடைப்பம் கிடையாது. ஆனாலும், செல்போனில் எடுத்தால் பட்டை விழுகிறது. வானவில்போல அலை அலையாகத் தெரிகிறது. ஸ்டுடியோக்காரர் சொன்னதையும் நானே செய்து பார்த்ததையும் சேர்த்துத் தருகிறேன்.

* முடிந்தால் போட்டோவே வேண்டாம். பிரின்ட் ஸ்கிரீன் அல்லது பி.டி.எஃப் டவுன்லோடு. உங்கள் கம்ப்யூட்டர் இல்லையென்றால் மட்டும் போட்டோ.

* ஃபிளாஷ் கட்டாயம் வேண்டாம். முதுகுக்குப் பின்னால் இருக்கும் டியூப் லைட்டையும் ஜன்னலையும் கவனியுங்கள். அணைக்க முடியாத இடத்தில், கறுப்புத் துணியையோ குடையையோ பின்னால் பிடித்தால் கண்ணாடியில் நம் உருவம் விழாது.

* திரையின் பிரைட்னஸை முழுதாகக் கூட்டுங்கள். பல எல்.இ.டி திரைகள் பிரைட்னஸைக் குறைக்கும்போது, விளக்கை வேகமாக அணைத்து அணைத்து எரியவைக்கின்றன. பட்டை விழ அதுதான் காரணம்.

* செல்போனில் திரையின் வெளிச்சமான இடத்தை விரலால் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள். வெள்ளையில் இருக்கும் எழுத்து தெளிவாகத் தெரியும்வரை.

* புரோ மோடு இருந்தால் ஷட்டரை 1/30 அல்லது அதைவிட மெதுவாக வைத்து, போனை எதிலாவது சாய்த்து வையுங்கள்.

* வானவில் அலை வந்தால், கொஞ்சம் பின்னால் போய் ஜூம் செய்யுங்கள். அல்லது போனை லேசாகத் திருப்புங்கள். திரையின் புள்ளிக் கட்டமும் கேமரா சென்சாரின் புள்ளிக் கட்டமும் ஒன்றின்மேல் ஒன்று விழும்போது வருவது அது. இரண்டு கொசுவலையைச் சேர்த்துப் பிடித்தால் கோலம் தெரியுமே, அதேதான். ஃபிலிமில் வெள்ளித் துகள்கள் வரிசையில்லாமல் சிதறிக் கிடப்பதால், எடுக்கும்போது இந்தத் தொல்லை வராது.

* மார்க் ஷீட், பட்டா எண், விண்ணப்ப எண் என்றால், எடுத்த கையோடு பெரிதாக்கி, ஒவ்வோர் எண்ணும் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். 3-ம் 8-ம் குழம்பினால் அங்கேயே இன்னொன்று எடுங்கள். வீட்டுக்கு வந்து வருத்தப்பட்டுப் பயனில்லை.

பையில் இருந்த நெகட்டிவ்

கிளம்பும்போது கேட்டேன், ``அந்த நெகட்டிவ் இருக்கா மாமா?''

``அப்பவே உங்க அப்பாகிட்ட குடுத்துட்டேனே. ரெண்டு ரோலோடதும். வீணானதையும் சேர்த்துத்தான். தூக்கிப் போட மனசு வரல.''

வீட்டில் தேடினோம். வீடியோ கேசட்டில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. சி.டி-யைப் போட்டால் சுற்றிக்கொண்டே இருக்கிறது, படம் வரவில்லை. பத்திரம், ரேஷன் கார்டு வைக்கும் துணிப்பையின் அடியில், லேப் கவரோடு நெகட்டிவ் இருந்தது.

ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். முதல் துண்டில் பாதி ஆயா. அடுத்த துண்டில் மூக்குக்குக் குறுக்கே கோடு. நெகட்டிவ் என்பதால் கோடு வெளுப்பாக, ஆயாவின் நரைமுடி கறுப்பாக. இரண்டாவது ரோலில் முழு ஆயா, ஆறு முறை.

அதைப் பத்திரப்படுத்த ஸ்கேனர் இல்லை. என் லேப்டாப்பில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, பிரைட்னஸை முழுதாக வைத்து, அறை விளக்கை அணைத்தேன். திரையின் புள்ளிகள் தெரியாமலிருக்க, நெகட்டிவைத் திரையிலிருந்து நான்கு விரற்கடை தள்ளிப் பிடிக்கச் சொன்னேன். அம்மா பிடித்துக்கொண்டார். வெள்ளைத் திரையைப் பார்த்து செல்போன் இருட்டடிக்கப் பார்த்தது. நெகட்டிவில் இருந்த ஆயா முகத்தைத் தொட்டு அளவை வைத்தேன். மூன்று படம் எடுத்தேன். ஒன்று சரியாக, ஒன்று கூட, ஒன்று குறைவாக.

போனில் நிறத்தைத் தலைகீழாக்கியதும் ஆயா வந்தார். அம்மா எட்டிப் பார்த்தார்.

``இன்னும் கொஞ்சம் கறுப்பு வை'' என்றார்.